கண்ணாடியில் மட்டும் தெரிந்தவர்

ஒருத்தரை வருஷக்கணக்கா தெரியும். தினமும் காலையிலயும் சாயந்திரமும் பேசுவோம், சண்டை போடுவோம், சிரிப்போம். ஆனா அவரு மூஞ்சியை நேருக்கு நேரா பாத்ததே கிடையாதுன்னு சொன்னா நம்புவீங்களா? எங்க கம்பெனி பஸ் டிரைவரை ரொம்ப வருஷம் எனக்கு அப்படித்தான் தெரியும். முதுகு தெரியும். தோள்ல கிடக்கற பச்சைத் துண்டு தெரியும். தலைக்கு மேல இருக்கற கண்ணாடியில ரெண்டு சின்னக் கண்ணும் வெட்டுத் தழும்பு விழுந்த புருவமும் தெரியும். மூக்குக்குக் கீழ மீசை இருக்கும்னு ஒரு நம்பிக்கைதான்.

அவருக்கு அப்பா அம்மா வெச்ச பேரு ஒண்ணு இருந்துச்சு, அது சம்பள நாளுக்கு மட்டும்தான் உபயோகம். எங்களுக்கு அவரு கண்ணாடி அண்ணன்.

ஓசூர்ல வண்டிகளுக்கு வயர் கட்டித் தர்ற கம்பெனி எங்களது. ஒரு காருக்குள்ள கொடி மாதிரி ஓடற வயரையெல்லாம் ஒண்ணா சேத்து, கறுப்பு டேப்பு சுத்தி, நுனியில பிளக்கு மாட்டி அனுப்பணும். லைன்ல முழுக்கப் பொம்பளைங்கதான். எங்க பஸ்ஸு சிங்காரப்பேட்டையில கிளம்பும். ஊத்தங்கரையில கல்லாவிப் பக்கத்துக்காரங்க ஏறுவாங்க. கிருஷ்ணகிரியில ஹாஸ்டல் பொண்ணுங்க ஏறுவாங்க. சூளகிரி வரதுக்குள்ள பாதிப் பேரு தூங்கிடுவாங்க. மீதிப் பேரு என் பேச்சைக் கேட்டுக்கிட்டு வருவாங்க. கேக்கலைன்னாலும் நான் பேசுவேன், அது வேற விஷயம்.

எல்லா பஸ்ஸுலயும் டிரைவர் தலைக்கு மேல ஒரு கண்ணாடி இருக்கும். கையளவுதான் இருக்கும். இவரு கிருஷ்ணகிரியில லாரி சாமான் விக்கற கடையில ஒரு நீட்டுக் கண்ணாடி வாங்கி, அதைப் படுக்கப் போட்டு, கம்பி வெச்சு இறுக்கிக் கட்டியிருந்தாரு. அதுல மொத்த பஸ்ஸும் தெரியும். மத்த டிரைவருங்க கண்ணாடியைச் சுத்தி ஜிகினா, பிளாஸ்டிக் பூ, பொம்மைன்னு கல்யாண வீடு மாதிரி வெச்சிருப்பாங்க. இவரு ஒரு நூலைக்கூட அதுல தொங்க விடமாட்டாரு. ஆயுத பூஜைக்கு வண்டி பூரா மாலையும் சந்தனமுமா இருக்கும். அந்தக் கண்ணாடிக்கு மட்டும் ஓரத்துல கடுகளவு குங்குமம்.

நான் முதல் நாள் ஏறினப்ப அந்தக் கண்ணாடியைப் பாத்து பயந்துட்டேன். உண்மையைச் சொல்லிடறேன். எங்கம்மா சொல்லி அனுப்பின புத்திமதியில முக்கால்வாசி ஆம்பளைங்க கண்ணைப் பத்திதான். ஏறி உக்காந்து நிமுந்து பாக்கறேன், கண்ணாடியில ரெண்டு கண்ணு. ஷாலை இழுத்து மூடிக்கிட்டேன். இந்தப் பக்கம் நகந்தேன், கண்ணு தெரிஞ்சுச்சு. அந்தப் பக்கம் நகந்தேன், அப்பவும் தெரிஞ்சுச்சு. எனக்கு முன்னாடி கல்லாவி அக்கா ஒருத்தங்க பெரிய கொண்டை போட்டு உக்காந்திருந்தாங்க. அந்தக் கொண்டைக்குப் பின்னாடி தலையைக் குனிஞ்சு ஒளிஞ்சுக்கிட்டேன்.

"ஏம்மா புதுசு, கொண்டைக்குப் பின்னாடி என்னா தேடற?"ன்னு சத்தம் வந்துச்சு. பஸ்ஸே கொல்லுன்னு சிரிச்சுது.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. அடுத்த நிறுத்தத்துல இறங்கி வீட்டுக்குப் போயிடலாம்னு நெனச்சேன். கொண்டை அக்காதான் திரும்பி, "அடச்சே, பயப்படாத புள்ள. அந்தண்ணன் எல்லாரையும் பாக்கும். சாமி மாதிரி. என்னா, சாமி பாத்துட்டு சும்மா இருக்கும், இது பாத்துட்டு வாய் பேசும்"னு சொன்னாங்க.

அது சரியாத்தான் இருந்துச்சு. எங்க யாரு பேரும் அவருக்குத் தெரியாது. கண்ணாடியில எங்க எது தெரியுதோ அதுதான் பேரு. மூணாம் சீட்டு மூக்குத்தி. ஜன்னலோரத் தூக்கம். ரெட்டை ஜடை. கொண்டை. எனக்கு வெச்ச பேரு, பின்சீட்டு ரேடியோ. ஊத்தங்கரையில வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை கண்ணு மேல போகும். "ரெட்டை ஜடை வரல"ம்பாரு. தலையை எண்ண மாட்டாரு, விரலை மடக்க மாட்டாரு. கோலத்துல ஒரு புள்ளி விட்டுப்போனா உங்களுக்குத் தெரியுமில்ல, அந்த மாதிரி. அப்பத்தான் ரெட்டை ஜடை மூலை திரும்பி, டிபன் பாக்ஸைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓடி வருவா.

அண்ணனுக்குச் சொந்த ஊரு ஜவளகிரி. காட்டோரம். வீட்டுல தெலுங்கு, சந்தையில கன்னடம், எங்ககிட்ட தமிழ். கோவம் வந்தா கன்னடத்துல கத்துவாரு. கொஞ்சணும்னா தெலுங்கு. டீசல் விலையைத் திட்ட மட்டும் மூணும் வேணும். காலையில ஏறினதும், "ஊட்டா ஆய்த்தா?"ன்னு கண்ணாடியைப் பாத்து கேப்பாரு. சாப்ட்டாச்சான்னு அர்த்தம். இல்லைன்னு யாராச்சும் சொன்னா போச்சு. "வெறும் வயித்துல என்னா வேலை செய்வ, மயங்கி விழுந்தா உங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லணுமா?"ன்னு அடுத்த நிறுத்தம் வரைக்கும் கச்சேரிதான்.

எங்க தமிழ் மேல அவருக்கு ஒரு குறை. ஒரு நாள் நல்ல மழை. ஜன்னல் வழியா சாரல் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அவரு கோவமா, "ஏய், கண்ணாடி கண்ணாடி!"ன்னு கத்தினாரு. ஒருத்தி ஜன்னலை இழுத்து மூடினா. இன்னொருத்தி மூக்குல இருந்த கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டா. நான் நேரா எழுந்து போய் அவரு தலைக்கு மேல இருந்த கண்ணாடியை ஷாலால துடைச்சு விட்டேன். "என்னா பாஷைம்மா இது!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. "கன்னடத்துல பாரு, முகம் பாக்கறது கன்னடி, மூக்குல மாட்டறது கன்னடக, ஜன்னல்ல இருக்கறது காஜு. மூணுக்கும் மூணு பேரு. உங்களுக்கு ஒரே பேரு. இதுல எப்படித்தான் காலம் தள்றீங்களோ."

"நாங்க ஆளைப் பாத்து புரிஞ்சுக்குவோம்ணா"ன்னேன்.

"ஆமா, புரிஞ்சு கிழிச்சீங்க. எந்தக் கண்ணாடியைச் சொன்னேனோ அதைத் தவிர எல்லாத்தையும் துடைச்சீங்க."

அவரு சொன்னது பக்கவாட்டுக் கண்ணாடியாம். வெளிய மழைத்தண்ணி வழிஞ்சு ரோடு தெரியலையாம்.

அவருகிட்ட ஒரு விசித்திரம் என்னன்னா, திரும்பவே மாட்டாரு. ஓட்டறப்ப திரும்பக் கூடாது, அது நியாயம். வண்டி நின்னாலும் திரும்ப மாட்டாரு. கம்பெனி வாசல்ல நிறுத்திட்டு, நாங்க ஒவ்வொருத்தரா இறங்கறப்ப, "போய்ட்டு வரோம்ணா"ன்னு கண்ணாடியைப் பாத்துதான் சொல்லணும். பக்கத்துல போய் நின்னு சொன்னா பதில் வராது. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் நீட்டினா, முன்னாடி பாத்துக்கிட்டே கையை மட்டும் பின்னால நீட்டி வாங்குவாரு. அவரு சம்சாரத்தை ஒரு தடவை பாத்தப்ப கேட்டேன், வீட்டுலயும் இப்படித்தானான்னு. "அதை ஏம்மா கேக்கற! டிவியை அணைச்சு வெச்சுட்டு, கறுப்பா இருக்கற அதுல எங்க மூஞ்சியைப் பாத்து, குழம்புல உப்பு இல்லைன்னு சொல்றாரு"ன்னு அந்தம்மா தலையில அடிச்சுக்கிச்சு.

ரெட்டை ஜடைக்குக் கல்யாணம் வந்துச்சு. கல்லாவியில மண்டபம். நாங்க எல்லாரும் பட்டுப்புடவை கட்டி, பவுடர் அடிச்சு, மண்டப வாசல்ல நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தோம். அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில, தோள்ல அதே பச்சைத் துண்டோட வந்தாரு. எங்களைப் பாத்தாரு. மூஞ்சி மறையற மாதிரி ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாரு. யாரோ மாப்பிள்ளை வீட்டுக்காரங்கன்னு நெனச்சு நேரா உள்ள போயிட்டாரு! எங்களுக்கு எவ்வளவு கோவம் வரும் சொல்லுங்க. மூக்குத்தி ஓடிப்போய் கையைப் பிடிச்சு இழுத்து, "அண்ணா, நான்தாண்ணா"ன்னா. அவரு உத்து உத்துப் பாத்துட்டு, "உனக்கு மூக்குத்தி இந்தப் பக்கம் இல்லியேம்மா"ன்னாரு.

அதோட விட்டாரா? மேடையில பொண்ணுக்கு நெத்திச்சுட்டி கோணலா இருந்துச்சு. கீழ நின்னு, "வலது பக்கம் நவுத்தும்மா"ன்னு சைகை காட்டினாரு. அவ நவுத்தினா. இன்னும் கோணலாச்சு. "இன்னும் கொஞ்சம் வலது"ன்னாரு. கடைசியில சுட்டி காதுக்கு மேல வந்து உக்காந்துடுச்சு, போட்டோக்காரரு கேமராவை இறக்கி வெச்சுட்டாரு. பஸ்ஸுல அவரு சொன்னா அப்படியே சரியா இருக்கும். "மூணாம் சீட்டு, பொட்டு இடது பக்கம் போயிடுச்சு"ம்பாரு, கரெக்டா இருக்கும். நேர்ல நின்னாத்தான் எல்லாம் தலைகீழ். "நேர்ல நீங்கல்லாம் வேற மாதிரி இருக்கீங்கம்மா"ன்னு பந்தியில பாவமா சொன்னாரு. அன்னிக்கும் நான் அவரு மூஞ்சியைச் சரியா பாக்கல. இலையைப் பாத்து சாப்பிடற மனுஷன் மூஞ்சியை எங்க பாக்கறது.

இதையெல்லாம் சிரிச்சுக்கிட்டே சொல்லிடலாம். இன்னொண்ணு இருக்கு, அது அப்படி இல்ல.

ஒரு நாள் கம்பெனியில இருந்து திரும்பி வரப்ப, சூளகிரி நெருங்கறப்ப வண்டி ஓரம் கட்டி நின்னுச்சு. பெட்ரோல் பங்க், பக்கத்துலயே மெடிக்கல் கடை. "வண்டி சூடாயிடுச்சும்மா. கொஞ்ச நேரம் ஆவும். எல்லாரும் இறங்கி காத்தாட நில்லுங்க"ன்னாரு. இறங்கி நின்னோம். ஜன்னலோரத் தூக்கம் மட்டும் இறங்கல. அவரு வண்டிக்கு முன்னாடி போய், மூடியைத் திறந்து, தலையை உள்ள விட்டுக்கிட்டாரு. கொண்டை அக்காவுக்கு என்னமோ தோணி மறுபடி மேல ஏறிப் போனாங்க. அந்தப் பொண்ணுக்கு நாள் முன்னாடியே வந்துடுச்சு, சுடிதார் பூரா பாழாயிடுச்சு, எழுந்திருக்க முடியாம உக்காந்திருக்குது. அக்கா மெடிக்கல்ல போய் வாங்கி, ஷாலைச் சுத்தி, பங்க்ல இருந்த பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் வந்தாங்க. அவங்க ரெண்டு பேரும் ஏறி உக்காந்தப்பறம்தான் அண்ணன் என்ஜின்ல இருந்து தலையை வெளிய எடுத்தாரு. வண்டி சூடாகவே இல்லை. அதுக்கப்பறம் எங்களுக்குள்ள யாருக்காச்சும் நாள் வந்துச்சுன்னா, "வண்டி சூடாயிடுச்சு"ன்னுதான் சொல்லுவோம்.

அவரு எப்படிக் கண்டுபிடிச்சாருன்னு நாங்க பேசிக்கிட்டோம். அவ முகம் மாறினதைக் கண்ணாடியில பாத்திருப்பாருன்னு கொண்டை அக்கா சொன்னாங்க. எனக்கு நெஞ்சு நிறைஞ்சுது. கூடவே ஒரு மாதிரியாவும் இருந்துச்சு. இதைக்கூட ஒருத்தரு பாத்துடுவாருன்னா, நாம எதைத்தான் மறைக்கறது?

ஒரு தடவை நான் வாய் விட்டே கேட்டுட்டேன். "ஏண்ணா, இப்படிப் பாத்துக்கிட்டே இருக்கீங்களே, எங்களுக்குக் கூச்சமா இருக்காதா?"

"கண்ணாடியில நான் உன்னப் பாத்தா, நீயும் என்னப் பாக்கலாம் ரேடியோ. என் கண்ணு உனக்குத் தெரியுதில்ல? தெரியாம பாக்கறவன்தான் திருடன்"னாரு. எனக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சு.

ஆனா எல்லாருக்கும் படணும்னு இல்லையே. கிருஷ்ணகிரி ஹாஸ்டலுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்துச்சு. மதுரைக்கு அந்தாண்டயாம். அதிகம் பேசாது. பின்னால கடைசி வரிசையில, இடதுபக்க ஜன்னல்தான் அதோட இடம். யாரு கூப்ட்டாலும் முன்னாடி வராது. நான் கதை சொன்னாக்கூடச் சிரிக்காது, எனக்கு அதுவே ஒரு குறை. வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஒரு நாள் நேரா ஹெச்.ஆர். மேடம்கிட்ட போய், பஸ் டிரைவர் கண்ணாடியில தன்னையே பாக்கறாருன்னு சொல்லிடுச்சு.

பொம்பளைங்க பஸ்ஸு விஷயம். சொன்னது நிரூபணம் ஆச்சுன்னா அவ்வளவுதான். அன்னிக்கே சாவியை வாங்கிடுவாங்க. ஓசூர்ல இருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் எந்த கான்ட்ராக்டரும் அவருக்குப் பொம்பளைங்க போற வண்டி தரமாட்டான். ஜவளகிரியில அக்கம்பக்கம் என்னா பேசுவாங்க? அவரு சம்சாரம் வெளிய தலை காட்ட முடியுமா? பஸ்ஸு பூரா கொதிச்சுப் போச்சு. எனக்கும் கோவம் தலைக்கேறிடுச்சு. நாளைக்கு மேடம் கேக்கட்டும், ஒருத்தி பாக்கியில்லாம அண்ணன் பக்கம் பேசறோம்னு முடிவு பண்ணினோம்.

மறுநாள் ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் பஸ்ஸுல ஏறினப்பறம், கம்பெனி வளாகத்துக்குள்ளயே விசாரணை. ஹெச்.ஆர். மேடம் வந்தாங்க, கூட டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர். அண்ணனைக் கீழ இறக்கி, படிக்கட்டுக்குப் பக்கத்துல நிக்க வெச்சுட்டாங்க. மேடம் முதல்ல கொண்டை அக்காவைக் கேட்டாங்க.

"டிரைவர் கண்ணாடியில உங்களைப் பாப்பாரா?"

"ஆமா மேடம், பாப்பாரு."

"எப்பப்ப?"

"எப்பவும் மேடம்!"னாங்க அக்கா, பெருமையா.

மூக்குத்தி எழுந்தா. "எல்லாரையும் பாப்பாரு மேடம். ஒருத்தரை விடமாட்டாரு."

நான் சும்மா இருப்பேனா? "எங்க பொட்டு கோணலா இருந்தாக்கூடச் சொல்லிடுவாரு மேடம். அவ்வளவு கவனமா பாப்பாரு"ன்னேன்.

மேடம் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. சூப்பர்வைசர் நெத்தியைத் துடைச்சுக்கிட்டாரு. அப்பத்தான் எங்களுக்கே உறைச்சுது, காப்பாத்தறோம்னு சொல்லி ஆளைக் குழியில தள்ளிட்டு இருக்கோம்னு. உடனே எல்லாரும் ஒட்டுக்கா கத்த ஆரம்பிச்சோம். "அந்த மாதிரிப் பார்வை இல்ல மேடம்!" "அது வேற பார்வை மேடம்!" எந்த மாதிரின்னு கேட்டா ஒருத்திக்கும் சொல்லத் தெரியல. பார்வையை எப்படி வாயால சொல்றது?

சூப்பர்வைசருக்கு ஒரு யோசனை. என்ன தெரியுதுன்னு தானே பாத்துடறேன்னு டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்தாரு. நிமுந்து கண்ணாடியைப் பாத்தாரு. அதுல மொத்தப் பொம்பளைங்களும் கண் கொட்டாம அவரையே பாத்துக்கிட்டு இருக்கோம். கொஞ்ச நேரம்தான். சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கிட்டாரு, தண்ணி பாட்டிலை எடுத்தாரு, சடார்னு இறங்கிட்டாரு. "மூஞ்சி மட்டும்தான் மேடம் தெரியுது. நம்ம மூஞ்சியும் அவங்களுக்குத் தெரியுது"ன்னாரு. எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியல.

சிரிச்ச வாயோட எல்லாரும் கடைசி சீட்டுப் பக்கம் திரும்பினோம். "இப்ப சொல்லு பாக்கலாம்." "ஒரு குடும்பத்தைக் கெடுக்கப் பாத்தியே." "வந்து நாலு நாள் ஆகல, அதுக்குள்ள புகாரா?" ஆளாளுக்குப் பேசினோம். அந்தப் பொண்ணு கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. மேடம் கையைக் காட்டி அடக்கப் பாத்தாங்க, நாங்க எங்க அடங்கறது.

அப்பத்தான் அண்ணன் படியேறி உள்ள வந்தாரு. பழக்க தோஷம், நேரா போய் அவரு சீட்டுல உக்காந்துக்கிட்டாரு. முன்னாடி பாத்து, கண்ணாடி வழியாவே பேசினாரு.

"அந்தப் பொண்ண யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. அது சொன்னது நெசம் மேடம். நான் பாத்தேன்."

மேடம் நோட்டைத் திறந்தாங்க.

"மத்தவங்களைப் பாக்கறத விட அதை அதிகமாவே பாத்தேன். தினமும் திரும்பிப் போறப்ப ஜன்னல் பக்கம் சாஞ்சுக்கினு அழுவுது. ஏன் அழுவுதுன்னு கேக்கத் தெரியல. கேக்கறதுக்கு நான் யாரு? அதான் பாத்துக்கினே இருந்தேன். இன்னிக்காச்சும் அழாம வருதான்னு பாப்பேன். அவ்ளோதான் மேடம். ஆனா பாத்தேன், அது பொய்யில்ல."

மேடம் அந்தப் பொண்ணுகிட்ட திரும்பினாங்க. "ஏம்மா, அழறியா? என்ன கஷ்டம்? ஹாஸ்டல்ல யாராவது ஏதாவது செய்றாங்களா?"

"யாரும் ஒண்ணும் செய்யல மேடம். வீட்டு நெனப்புதேன்"னுச்சு அது. நிறுத்தும்னு பாத்தோம். நிறுத்தல. முதல் தடவையா அந்தப் பொண்ணு வாய் திறந்து பேசிக் கேக்கறோம். "ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு எட்டுப் பேரு மேடம். பாத்ரூமுல கொஞ்சம் கூட நேரம் இருந்தா கதவைத் தட்டுறாக. லைன்ல தலைக்கு மேல கேமரா. சாப்பாட்டுக் கூடத்துல மூக்கை உறிஞ்சுனா, பத்துப் பேரு என்னா என்னான்னு வந்துர்றாக. எனக்கு இந்தக் கடைசி சீட்டு ஒண்ணுதேன் இருந்துச்சு. இங்கன உக்காந்து அழுதுட்டு எறங்குனா மறுநா வேலை ஓடும். அழுதுட்டு நிமுந்தா அந்தக் கண்ணாடியில இவரு கண்ணு. அவரு நல்லவரோ கெட்டவரோ எனக்குத் தெரியாது மேடம். எனக்கு அழுகணும். அதுக்கு நான் எங்குட்டுப் போறது?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. கொண்டை அக்கா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டாங்க.

அண்ணன் எழுந்தாரு. எழுந்து, திரும்பினாரு. அத்தனை வருஷத்துல முதல் தடவையா அந்த பஸ்ஸுக்குள்ள எங்க பக்கம் திரும்பி நின்னாரு. மீசை இருந்துச்சு, நரைச்ச மீசை. புருவத்துல இருந்த வெட்டுத் தழும்பு நாங்க நெனச்ச பக்கம் இல்லை, அந்தப் பக்கம் இருந்துச்சு. கடைசி சீட்டைப் பாத்து, "தப்பும்மா. பாத்திருக்கக் கூடாது"ன்னாரு.

அப்பறம் எங்களைப் பாத்து, "யாருகிட்ட டேப்பு இருக்குது?"ன்னு கேட்டாரு.

யாருகிட்ட இல்ல? எங்க கம்பெனியில ஏப்ரன் பாக்கெட்ல கறுப்பு டேப்பு இல்லாத பொம்பளை உண்டா? நாலஞ்சு பேரு ஒரே நேரத்துல நீட்டினோம். மேடம் எதிர்லயே நீட்டினோம், கம்பெனி டேப்பு வெளிய வரக்கூடாதுன்னு ரூல் இருக்கறதுகூட ஞாபகம் இல்ல. அவரு என்கிட்ட இருந்ததை வாங்கிக்கிட்டு மறுபடி சீட்டுல உக்காந்தாரு.

"தங்கச்சி, உன் சீட்டுல எப்பவும் உக்கார மாதிரி உக்காரு. கண்ணாடியைப் பாரு. என் கண்ணு தெரியுதா?"

"தெரியுது."

கண்ணாடியோட மூலையில ஒரு துண்டு ஒட்டினாரு. "இப்ப?"

"இன்னும் ஒரு கண்ணு தெரியுது."

இன்னொரு துண்டு. "இப்ப?"

அந்தப் பொண்ணு இந்தப் பக்கம் சாஞ்சு பாத்துச்சு, அந்தப் பக்கம் சாஞ்சு பாத்துச்சு. ஜன்னல்ல தலை வெச்சுப் பாத்துச்சு. "இப்பத் தெரியலண்ணே."

"உனக்கு நான் தெரியலைன்னா எனக்கும் நீ தெரிய மாட்ட. சரியா?"

"சரிண்ணே"ன்னு சொல்லிட்டு அது சிரிச்சுச்சு. என் கதைக்கெல்லாம் சிரிக்காத பொண்ணு!

மேடத்துக்கு இதை என்னன்னு முடிக்கறதுன்னே தெரியல. பொண்ணு புகாரை வாபஸ் வாங்கல, வாங்கவும் வேண்டாம்னு அண்ணனே சொல்லிட்டாரு. கண்ணாடி சரிசெய்யப்பட்டதுன்னு எழுதிக்கிட்டாங்க. ஆனா ரூல் ரூல்தான்னு, கொஞ்ச காலத்துக்கு பஸ்ஸுல ஒரு செக்யூரிட்டி அக்காவைக் காவலுக்கு ஏத்தி விட்டாங்க. அந்த அக்கா சூளகிரி தாண்டறதுக்குள்ள வாயைத் திறந்துக்கிட்டு தூங்கிடுவாங்க. அண்ணன்தான் கண்ணாடியில பாத்து, "ஏம்மா காவல், ஊரு வந்துடுச்சு"ன்னு எழுப்பி விடுவாரு.

டேப்பை யாரும் பிய்க்கல. மதுரைக்காரப் பொண்ணு கொஞ்ச மாசத்துல முன்சீட்டுக்கு வந்து, என்கூடவே வாய்ச் சண்டை போடற அளவுக்குத் தேறிடுச்சு. ஆனா அந்தக் கடைசி சீட்டு காலியா கிடக்கல. புருஷன்கிட்ட அடி வாங்கிட்டு வந்த அன்னிக்கு மூக்குத்தி அங்க போய் உக்காந்தா. பையன் பரீட்சையில ஃபெயில் ஆனப்ப கொண்டை அக்கா உக்காந்தாங்க. யாராச்சும் ஏறினதும் நேரா பின்னாடி நடந்தா, நாங்க பாட்டுக்கு வேற பேசுவோம். ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டோம், என்னாச்சுன்னு கேக்க மாட்டோம். அண்ணனும் அன்னிக்கு மட்டும், ஊட்டா ஆய்த்தான்னு கேக்க மாட்டாரு. இதெல்லாம் யாரும் பேசி வெச்சுக்கிட்டது இல்ல.

இப்ப அந்தக் கான்ட்ராக்ட் மாறிப்போச்சு. பஸ்ஸும் புதுசு, கண்ணாடி கையளவுதான். அண்ணன் தளி பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டறாருன்னு கேள்வி. நல்லா இருக்கட்டும்.

நான் அந்தக் கடைசி சீட்டுல உக்காந்ததைச் சொல்லலையே. எனக்குப் பூ வெச்சு நிச்சயம் பண்ணியிருந்தாங்க. ஊரு பூரா சொல்லியாச்சு, பஸ்ஸு பூரா ஸ்வீட் கொடுத்தாச்சு. ஒரு நாள் மத்தியானம் மாப்பிள்ளை வீட்டுல இருந்து அம்மாவுக்குப் போன் பண்ணி, பொண்ணு வேணாம்னு சொல்லிட்டாங்க. ஏன்னு கேட்டதுக்கு, பொண்ணு ரொம்பப் பேசுதாம். அன்னிக்கு சாயந்திரம் நான் ஏறி, வாயைத் திறக்காம, நேரா கடைசி வரிசைக்குப் போனேன். அங்க உக்காந்திருந்த பொண்ணு என் மூஞ்சியைப் பாத்ததும் எழுந்து இடம் விட்டுச்சு. நான் ஜன்னல்ல தலையைச் சாச்சேன். எத்தனையோ பேரு அழுதது இங்கதான்னு தெரியும், இவ்வளவு அழுகை எனக்குள்ள இருக்கும்னு தெரியாது. சூளகிரி போச்சு, கிருஷ்ணகிரி போச்சு. பஸ்ஸே அமைதியா ஓடுச்சு. ரேடியோ நின்னுபோனது அவருக்குத் தெரியாமயா இருக்கும்? கண்ணாடியில அந்த மூலையைப் பாத்தேன், கறுப்பு டேப்பு மட்டும்தான் இருந்துச்சு.

ஊத்தங்கரை வரப்ப அழுகை தானா ஓஞ்சுது. ஹாஸ்டல் பொண்ணுங்க கிருஷ்ணகிரியிலயே இறங்கிட்டதால முன்னாடி நிறைய சீட்டு காலி. மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு எழுந்து, ரெண்டு வரிசை முன்னாடி வந்து உக்காந்தேன், அவரு பாக்கட்டும்னு.